கதவுக்காக மன்னிப்புக் கேட்டவள்

பிறர் செய்த தவறுக்காக நாள்தோறும் மன்னிப்புக் கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி, அந்தத் தவறைக் குறைக்கிறாளா, இல்லை அது சௌகரியமாக நீடிக்கத் துணை நிற்கிறாளா? சலவை இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றின் புகார் அறையில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவளுக்கே எழுந்தது. ஆனால் ரொம்பவும் தாமதமாக எழுந்தது. எழுந்தபோது, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது.

புகார் அறை கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே இருந்தது. ஆறு மேசை, ஆறு தொலைபேசி, ஒரு சுவர்க்கடிகாரம். ஜன்னல் என்று பேர் வாங்கிக்கொண்ட ஒரு நீளமான சந்து வழியாகப் போகிறவர் வருகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். இயந்திரத்தை வரைகிறவர்கள் நான்காம் மாடியில், வெளிச்சமும் காற்றுமாக இருந்தார்கள். வரைகிறவர்கள் மேலே, அதற்காக வாங்கிக்கட்டிக்கொள்கிறவர்கள் கீழே. எந்தப் புண்ணியவான் கட்டடத்தை இப்படிப் பிரித்தானோ, நிறுவனத்தைப் பற்றிய முழு உண்மையையும் அவன் செங்கல்லிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த நிறுவனத்தில் அதிகம் விற்ற இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. துவைத்து முடித்ததும் மூன்று முறை கூவும். கூவினால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம்? ஆள் வந்து கதவை இழுப்பார். திறக்காது. பூட்டு சூடு ஆறித் தானாக விடுபட இரண்டு நிமிடம் ஆகும் என்பது இயந்திரத்துக்குத் தெரியும், வரைந்தவர்களுக்குத் தெரியும், காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் தெரியாது. கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அது இருந்தது. ஈரத்துணி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது நாற்பத்தோராம் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டுகிறவர் எந்த வீட்டில் இருக்கிறார்? அவர்கள் இழுத்தார்கள். இன்னும் பலமாக இழுத்தார்கள். சிலர் சுவரில் காலை உதைத்து இழுத்தார்கள். கைப்பிடி கையோடு வந்தது. வராதவர்கள் தொலைபேசியை எடுத்தார்கள்.

"இழுத்து இழுத்து தோளே போச்சு. என்னம்மா மெஷின் வித்திருக்கீங்க?"

"மன்னிச்சுக்குங்கம்மா. கையை எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க. தானா திறக்கும்."

"தானா திறக்குமா? ஏன், அங்கேர்ந்து மந்திரம் போடுறீங்களா?"

"லைன்லயே இருங்கம்மா... அவ்ளோதான்... இப்ப லேசா தொட்டுப் பாருங்க."

"அட! திறந்துடுச்சே! நல்லா இருப்பீங்கம்மா நீங்க!"

ஒரு நாளைக்கு நாற்பது முறை. அறையில் அவளுக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் அவள் நுழையும்போதே, "ரெண்டு நிமிஷம் வந்தாச்சு, மணி ஒம்போதுப்பா," என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அவள் குரல் நல்ல குரல். கோபத்தோடு வருகிறவனைத் தோளில் தட்டி உட்காரவைக்கும் குரல். அந்தக் குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பாக இருந்திருந்தால், அந்தக் கதவு எப்போதோ சரிசெய்யப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் காரணத்தைப் பதிய வேண்டும். காரணங்கள் ஒன்பது. ஒன்று மின்சாரம், இரண்டு கசிவு, மூன்று சத்தம், நான்கு கதவும் பூட்டும், இப்படியே போய் ஒன்பதில் முடியும். ஒன்பது என்றால் உபயோகிப்பவர் தவறு. நான்கைப் போட்டால் மறுநாளே ஒரு மெக்கானிக் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். தானாகத் திறந்துகொண்ட கதவுக்கு மெக்கானிக் எதற்கு? "திறந்துடுச்சுன்னா ஒம்போது போட்டு மூடிடு," என்று இந்த இயந்திரம் வந்த முதல் வாரமே மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தார். அவள் ஒன்பது போட்டாள். பதினோரு வருடம் ஒன்பது போட்டாள். அறையிலேயே மூத்தவள் என்பதால் மாதக் கடைசியில் மொத்த அறிக்கையிலும் அவள்தான் கையெழுத்து.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாவிலும் அவருக்கு ஒரு சிவப்பு மை உண்டு.

"நான் தப்பைத் திருத்துறேன். நீ தப்புக்குத் தாலாட்டுப் பாடுற. ரெண்டு பேருக்கும் சம்பளம் என்னவோ ஒண்ணுதான்," என்பார்.

"பாடாம விட்டா அது முழிச்சுக்கிட்டு அழுவும். கேக்கிறது நான்தானே?"

"அழட்டுமேம்மா. பெத்தவங்க காதுல விழட்டும்."

பெற்றவர்கள் நான்காம் மாடியில் இருந்தார்கள். அழுகை மேலே ஏறாதபடி அவர்களுக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்காரவைக்கப்பட்டவள் தான்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியிருக்காது.

இப்படி இருக்கையில், வாங்குகிறவர்களின் அனுபவத்தைக் கவனித்துக்கொள்ள என்று நிறுவனத்துக்கு ஓர் அனுபவ அதிகாரி வந்து சேர்ந்தார். எந்த வேலையிலும் மூன்று வருடத்துக்கு மேல் நிற்காதவருக்கு அனுபவ அதிகாரி என்று பெயர் வைத்தார்கள். தூசியையே பார்த்திராத காலணி, எதைக் கேட்டாலும் "அருமை!" என்கிற வாய். வந்த வாரமே எல்லாரையும் பெரிய கூடத்துக்கு வரவழைத்தார்.

"சேவைங்கிறது பொருளை வித்த பிறகு பின்னாடி ஒட்டவைக்கிற வால் இல்ல. ஒருத்தர் நம்ம மெஷினை முதல்ல பாக்கிறதுலேர்ந்து பத்து வருஷம் துவைக்கிற வரைக்கும் எல்லாம் ஒரே அனுபவம். அதை முழுசா வடிவமைக்கணும். போன்ல பேசுறதும் அந்த வடிவமைப்புல ஒரு பகுதிதான். கீழ உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது மேல வரைறவங்களுக்குப் போகணும்!"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக அவள் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை இவர் வந்து மூன்றே மூச்சில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. சரியான வாக்கியங்களுக்கு இருக்கிற பெரிய துரதிருஷ்டம், அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான்.

சுவர் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி, 'வாடிக்கையாளரின் பயணம்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மஞ்சள் துண்டுத்தாள். அவள் எழுதினாள்: 'துவைத்து முடிந்ததும் கதவு ஏன் திறக்கவில்லை என்று இயந்திரமே சொல்லட்டும். ஒரு விளக்கு போதும்.' அனுபவ அதிகாரி அதை உரக்கப் படித்து, "அருமை!" என்றார். கைதட்டினார்கள். தாளைச் சுவரில் ஒட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் பேர் பொறித்த தண்ணீர்ப் புட்டி கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளரிடம் நட்சத்திரம் கேட்கும் வழக்கம் வந்தது. கசிவு, சத்தம் என்று கூப்பிட்டவர்கள் ஒன்றோ இரண்டோ கொடுத்தார்கள். கதவுக்காகக் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் ஐந்து கொடுத்தார்கள். கொடுக்கமாட்டார்களா என்ன? கோபத்தோடு வந்தார்கள், கனிவாகப் பேசினாள், கண்ணெதிரே கதவு திறந்தது. இயந்திரம் தானாகச் செய்துகொண்டதற்கு நிறுவனம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அனுபவ அதிகாரி பூரித்துப்போனார். அந்த இரண்டு நிமிடத்துக்குப் 'பொன் நிமிடங்கள்' என்று பெயர் சூட்டினார். அந்த நேரத்தில் காதில் ஒலிக்க ஒரு குழலிசை வந்தது. கதவு திறந்ததும் சொல்ல, "உங்கள் பொறுமை எங்கள் பெருமை" என்று ஒரு வரியும் வந்தது. அறைக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். அது மோட்டார் அதிர்வில் ஆடாமலிருக்க அடியில் அட்டை மடித்துவைத்தாள் பக்கத்து மேசைக்காரி.

ஒருநாள் காலையில் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சீருடை உள்ளே கிடக்கிறது, கைப்பிடி ஏற்கெனவே உடைந்து கையோடு வந்துவிட்டது. இவள் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டாள், பொறுக்கச் சொன்னாள், குழலிசை ஒலித்தது. இரண்டு நிமிடத்தில் பூட்டு விடுபட்டதுதான். ஆனால் பிடித்து இழுக்கக் கைப்பிடி வேண்டுமே. அதற்குள் நர்ஸ் ஒரு திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பியிருந்தாள். "ஐயோ" என்ற சத்தத்தோடு இணைப்பு அறுந்தது. கதவு எப்படியோ திறந்திருக்கும் என்று நினைத்து இவள் ஒன்பது போட்டு மூடினாள்.

பத்து நாள் கழித்து அதே நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை.

"உள்ளங்கையில ஏழு தையல். அன்னைக்கு நான் சொன்ன புகாரை நீங்க எப்படி எழுதியிருக்கீங்கன்னு படிச்சுக் காட்டணும். கேட்டா சொல்லணும்னு உங்க கையேட்லயே போட்டிருக்கு."

நாற்பத்திரண்டாம் பக்கம். காயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கையேடு படிக்க நேரம் கிடைத்திருக்கிறது. இவள் பதிவைத் தேடி எடுத்தாள்.

"கதவு திறக்கத் தாமதம். வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. காரணம்..."

"ம், காரணம்?"

"உபயோகிப்பவர் தவறு."

அந்தப் பக்கம் நர்ஸ் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"எழுதுனது யாரும்மா?"

"நான்தான்."

"அன்னைக்கு அவ்வளவு அன்பா பேசுனீங்களே," என்றாள் நர்ஸ். குறையாகக்கூடச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. நேராக நான்காம் மாடிக்குப் போனாள். புது மாடல் இயந்திரத்தின் வரைபடம் மாதக் கடைசியில் முத்திரையிடப்பட இருந்தது. முத்திரை விழுந்துவிட்டால் அதன்பின் ஒரு திருகாணியைக்கூட மாற்றமாட்டார்கள். இன்னும் ஏழெட்டு வருடத்துக்கு அந்த முகம்தான். அதில் ஒரு விளக்கு வந்தாக வேண்டும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

தலைமை வரைவாளர் தன்மையான மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அந்தக் காரணத்தாலேயே எதையும் செய்யாமல் இருக்க உரிமை பெற்றவர் போல உட்கார்ந்திருந்தார். அறிக்கைக் கோப்பு ஒன்றை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க மேடம். பதினோரு வருஷ அறிக்கை. கதவுக் குறை, மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு. சில மாசம் பூஜ்யம். இதை வெச்சுக்கிட்டு கதவுல கைவைக்கணும்னு நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்து. அழகாக, ஒரே சாய்வில்.

"இது ஒம்போதுல இருக்கு சார். எல்லாம் ஒம்போதுல போயிடுச்சு."

"ஒம்போதை நாங்க ஏன் படிக்கிறோம்? அது ஜனங்க தப்பாச்சே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன்."

ஓரத்தில் நின்ற பழைய இயந்திரத்தின் முன்பலகையில், பொத்தான்களுக்குப் பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவு ஒரு வெள்ளை மூடி இருந்தது. நகத்தால் நெம்பினார். உள்ளே ஓட்டை. அதன் பின்னால் ஒரு ஒயர், நுனியில் டேப் சுற்றி, சும்மா தொங்கியது.

"முதல் வரைபடத்துல விளக்கு இருந்துச்சு. வரிசை அழகா இல்லேன்னு அப்போ இருந்தவர் எடுக்கச் சொல்லிட்டாரு. அச்சு வார்த்தாச்சு, அதனால ஓட்டை மட்டும் நின்னுபோச்சு. எனக்கு ஆட்சேபணையே கிடையாது மேடம். ஆனா முன்பலகை இப்போ அனுபவத் துறைக்குப் போயிடுச்சு. அவர்கிட்ட பேசுங்க."

பதினோரு வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஓட்டை இருந்திருக்கிறது. மூடி போட்டு மறைத்த ஓட்டைக்குத்தான் அவள் தினம் நாற்பது முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் அனுபவ அதிகாரி பதறிப்போனார்.

"விளக்கு வெச்சா யாரும் கூப்பிட மாட்டாங்களே மேடம்!"

"ஆமா சார். அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன்."

"நம்ம அஞ்சு நட்சத்திரத்துல முக்கால்வாசி அந்தக் கதவுலதான் வருது. வாடிக்கையாளருக்கும் நமக்கும் உள்ள உறவே அங்கதான் ஆரம்பிக்குது. அதை ஒரு பல்பு வெச்சு அறுத்துவிடச் சொல்றீங்களா?"

"உறவா? அவங்க துணியை எடுக்கணும்னு நினைக்கிறாங்க சார். அவ்வளவுதான்."

"நீங்க இதைப் பெரிய கோணத்துல பாக்கணும்," என்றார் அவர். இன்னொரு தண்ணீர்ப் புட்டி கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை முதல் கதவு அழைப்பு வந்தது. கதவு திறந்தது, வாழ்த்தினார்கள், வைத்தார்கள். அவள் நான்கைப் பதிந்தாள். அடுத்ததற்கும் நான்கு. நர்ஸின் பழைய பதிவையும் தேடியெடுத்து நான்காக மாற்றினாள்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, விரல் தவறிப் படுதா?"

"இத்தனை நாளா தவறித்தான் பட்டுச்சு."

"மேல தெரிஞ்சா உரிச்சு மாட்டிருவாங்கக்கா."

"மாட்டட்டும். அப்பவாவது நம்மளை மேல ஏத்தினாங்கன்னு இருக்கும்."

மூன்று வாரம் அப்படியே போயிற்று. தினமும் நாற்பது வீட்டுக்கு மெக்கானிக் அனுப்ப வேண்டியதாயிற்று. போனவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்கள். "கதவு அப்பவே திறந்துடுச்சே, நீங்க எதுக்கு வந்தீங்க? வந்ததுதான் வந்தீங்க, அந்த பரண்மேல இருக்கிற பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க," என்கிறார்களாம். கசிவுக்காகக் காத்திருந்த வீடுகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் கணக்கில்தான். அவளுக்கு அது தெரியும். யாரும் அவளை உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். வருடக்கணக்காக ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை அவள் மறுபக்கம் சாய்த்தாள், அவ்வளவே. ஆனால் மாத அறிக்கையில் நான்காம் காரணம் முதல் முறையாக மலைபோல எழுந்து நின்றது.

மாதத்தின் கடைசி நாள். வரைபடத்துக்கு மாலை ஐந்து மணிக்கு முத்திரை. பகல் பன்னிரண்டுக்கு அவளைப் பொது மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அறையில் அனுபவ அதிகாரியும் வரைவாளரும் இருந்தார்கள். மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். அவள் கதிகலங்கித்தான் போயிருந்தாள்.

"உங்க விளக்கை வெச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டோம்," என்றார் மேலாளர்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வரைவாளர் தலையாட்டிச் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு இருக்கு." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "குறையே இல்லாத கதவுக்கு ஒரு விளக்கு வெச்சா அது முன்னேற்றம். குறை இருந்துதுன்னு பதிஞ்சுட்டு வெச்சா அது வாக்குமூலம். உடைஞ்ச கைப்பிடி வெச்சிருக்கிறவன் எல்லாம் நாளைக்கு வாசல்ல நிப்பான். யாரோ ஒரு நர்ஸோட பழைய பதிவை வேற மாத்தியிருக்கீங்க. அதனால இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

காகிதத்தில் நான்கே வரி. இந்த மாதம் நான்காம் காரணமாகப் பதியப்பட்டவை யாவும் என் கவனக்குறைவால் நேர்ந்தவை. அவை ஒன்பதாம் காரணத்தைச் சேர்ந்தவை. கதவில் குறை எதுவும் எப்போதும் இருந்ததில்லை. நிகழ்ந்த பிழைக்கு வருந்துகிறேன்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கோப்புல கிடக்கும்," என்றார் மேலாளர். "அஞ்சு மணி வரைக்கும் யோசிங்க. போடலேன்னா, வரைபடம் இப்போ இருக்கிறபடியே போகும்."

"இதுவும் ஒரு அருமையான அனுபவம்தான் மேடம்," என்றார் அனுபவ அதிகாரி. அவரை யாரும் கேட்கவில்லை.

அவள் மாடிப்படி வளைவில் நின்று கணவரைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"போட்டுடும்மா," என்றார் அவர் உடனே. "தினம் நாப்பது பேர்கிட்ட மன்னிப்புக் கேக்குற. நாப்பத்தோராவதா ஒண்ணு. விளக்கு எரியுமில்ல?"

"ம்."

"இரு, இரு. வேணாம். அந்த நர்ஸு கையைக் கிழிச்சுக்கிட்டது அவ தப்புன்னு ஆயிடுமே." கொஞ்சம் தயங்கினார். "ஆனா இனிமே வாங்குறவங்க யாரும் கிழிச்சுக்க மாட்டாங்க. லட்சம் பேருன்னு வெச்சுக்கோ. அப்போ போட்டுடு."

"ஒண்ணு சொல்லுங்க, ஏதாவது ஒண்ணு."

"எனக்கு ஒத்தெழுத்துத் தப்புன்னா திருத்தத் தெரியும். இது எங்கேர்ந்து திருத்தறதுன்னே தெரியலையேம்மா."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் மறுபடி மேலே போனாள். மேலாளர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் காகிதத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"விளக்கு என்ன நிறம் சார்?" என்று வரைவாளரைக் கேட்டாள்.

"பச்சை. திறக்கலாம்னா பச்சை எரியும்."

"நல்லா இருக்கும்," என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதை மனதுக்குள் ஒரு முறை எரியவிட்டுப் பார்த்தது போலிருந்தது அவள் முகம்.

பிறகு பேனாவை மூடி, கையெழுத்தில்லாத காகிதத்தின் மேல் வைத்தாள்.

"கீழ போறேன் சார். லைன்ல ஆள் இருப்பாங்க."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதால் தடுக்கத் தோன்றவில்லை. ஐந்து மணிக்கு வரைபடத்தில் முத்திரை விழுந்தது. விளக்கு இல்லை. இந்த முறை ஓட்டையும் இல்லை, அதை வழித்து மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"தூறல் விழுது பாருங்க. கொடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.

அவர் போய் எடுத்து வந்தார். ஓய்வு பெற்ற அன்று இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். அன்றும் அவள் சொல்லவில்லை.